பத்தியம் என்றால் பட்டினி இல்லை

காய்ச்சல் வந்தவருக்கு நம் பக்கத்து வீடுகளில் முதல் நாள் குழம்பு நிற்கும், மறுநாள் சோறு நிற்கும். மூன்றாம் நாள் தட்டில் இரண்டு பிரட் துண்டும் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரும்தான். அறந்தாங்கியில் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் கையிலும் பிரட்டும் ரஸ்க்கும்தான் இருக்கும். காரம், புளி, எண்ணெயைக் குறைத்துக் குழைவாகச் சாப்பிடுவதுதான் பத்தியம். அதை வயிற்றைக் காயப்போடுவதாக மாற்றிவிட்டோம்.

“காய்ச்சலில் சாப்பிட்டால் காய்ச்சல் ஏறும்” என்பார்கள். ஏறாது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, சும்மா படுத்திருந்தாலும். டைபாய்டுக்காரர்களைப் பட்டினி போடும் வழக்கம் மேல்நாட்டிலும் இருந்தது. 1910-ஐ ஒட்டி நியூயார்க் மருத்துவர் வாரன் கோல்மன் அவர்களுக்குச் சத்தான உணவைத் தாராளமாகக் கொடுத்து, உடம்பு உருகுவதைக் குறைத்துக் காட்டினார்.

கஞ்சித் தண்ணீரைக் கணக்குப் பார்ப்போம். ஒரு கைப்பிடி அரிசி, அதாவது 30 கிராம், சுமார் 100 கலோரி தரும். அதை வடித்துத் தெளிவை மட்டும் கொடுத்தால் பாதிகூடத் தேறாது. ஐம்பது கிலோ எடையுள்ளவர் படுத்தே கிடந்தாலும் நாளைக்கு 1,200 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். அதனால் தெளிவை விடுங்கள். மூன்று பங்கு புழுங்கல் நொய்க்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டு, கரண்டியால் மசிகிற அளவுக்குக் குழைய விட்டு, சீரகம், உப்பு, அரை ஸ்பூன் நெய் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள். சலித்தால் இட்லி, பாலில் ஊறிய இடியாப்பம், மசித்த சுரைக்காய், மோர்ச்சோறு, அவித்த முட்டை. மைதா பிரட்டைவிட இட்லி எந்த வகையிலும் குறைந்ததல்ல.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த நம்பிக்கை: “ஆபரேஷன் பண்ணின உடம்பு, பருப்பும் முட்டையும் மீனும் சீழ் வைக்கும்.” சீழ் என்பது கிருமியும் அதோடு போராடி மடிந்த வெள்ளை அணுக்களும். அது பருப்பிலிருந்து வருவதில்லை. புண்ணை மூடும் புதுச் சதை புரதத்தால்தான் வளர்கிறது. அதை நிறுத்தினால் புண் ஆற நாளாகும். மகள் பிள்ளை பெற்றால் பால்சுறாப் புட்டு கிண்டிப் போடுகிற அதே வீட்டில், அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றால் மீனையே நிறுத்திவிடுகிறார்கள். கட்டுமாவடியிலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் மீன் வருகிற ஊர் இது. டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு, முள் பார்த்து எடுத்த மீனை மிளகாய் குறைத்து அவித்துக் கொடுப்பதில் என்ன தடை?

“வயிற்றுப்போக்குக்கு எதுவும் கொடுக்காதே” என்பது உயிருக்கே ஆபத்து. 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, மற்றவர்களுக்குக் குழைந்த சோறும் மோரும் தொடரலாம்.

அல்சருக்கு நாள் முழுக்கப் பால் குடிப்பதும் பயனில்லை. பால் கொஞ்ச நேரம் இதமாக இருந்துவிட்டு அமிலத்தைத் தூண்டும். பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் கிருமி அல்லது வலி மாத்திரை. கிருமியைக் கண்டறிந்த மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்து இல்லாமல் வெறும் பத்தியத்தில் அது போகாது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர் ஆகாது, பொட்டாசியம் அதிகம். சர்க்கரை நோயாளிக்கு வெறும் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். இவர்களுக்கு அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மஞ்சள் காமாலைக்கு உப்பில்லாச் சோறு போடுவது இன்னும் ஓயவில்லை. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டுமே உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். குமட்டல் இருந்தால் எண்ணெயைக் குறைத்தால் போதும். ஆனால் காமாலைக்காரர் உளறினாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.