ஏர்பிரஷ் வாங்கும் முன்

ஏர்பிரஷ் வாங்க நினைக்கும் மேக்கப் ஆர்ட்டிஸ்ட்கள் எடுத்தவுடன் விசாரிப்பது மெஷின் விலையைத்தான். நான் முதலில் ஃபவுண்டேஷனை முடிவு செய்யச் சொல்வேன். அது முடிவானால் கன், கம்ப்ரஸர் எல்லாம் அதற்கேற்ப அமைந்துவிடும்.

வாட்டர் பேஸ், சிலிக்கான் பேஸ், ஆல்கஹால் பேஸ் என்று மூன்று வகை உண்டு. பச்சை குத்தியதை மறைக்கவும் சினிமா வேலைக்கும் உதவும் ஆல்கஹால் பேஸ், மணப்பெண் முகத்துக்கு வேண்டாம். குழப்பமெல்லாம் மற்ற இரண்டில்தான்.

கெட் ஹைட்ரோ போன்ற வாட்டர் பேஸ் லேசானது. சீக்கிரம் காயும், கன்னைச் சுத்தம் செய்வதும் சுலபம். ஆனால் காய்ந்த பிறகு கைவைத்துத் திருத்த முடியாது. தாரை வார்க்கும்போது பெண் அழுதால் கன்னத்தில் கோடு விழும். அதன்மேல் மறுபடி அடித்தால் திட்டாகத் தெரியும். ஏசி ஹாலில் நடக்கும் ரிசப்ஷனுக்கு அது தாராளமாகப் போதும். வைகாசி முகூர்த்தம், ஹோமப் புகை, கழுத்தை உரசும் ரோஜா மாலை என்றால் டெம்ப்டு எஸ்பி போன்ற சிலிக்கான் பேஸ்தான் என் தேர்வு. அதிலுள்ள ஆவியாகும் சிலிக்கான் போனபின் நிறம் மெல்லிய படலமாகத் தோலோடு ஒட்டிக்கொள்ளும், வியர்வைக்கு எளிதில் கலையாது. காய்வதற்குள் ஸ்பாஞ்சால் ஒத்திச் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும்.

எந்த வகையானாலும் ஷேடில் ஏமாறக் கூடாது. நம் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஒரு படி வெளுப்பான ஷேடை அடித்தால், நேரில் பளிச்சென்று இருக்கும் முகம் ஃபிளாஷில் சாம்பல் பூத்துவிடும். பெண்ணின் நிறத்தை மாற்றுவது நம் வேலையே இல்லை. டிரையலில் தாடையிலிருந்து கழுத்துவரை அடித்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு சாயல் கொண்ட ஷேடுகளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து சரியான நிறத்தைப் பிடிக்கலாம்.

இனி மெஷின். அழுத்தினால் காற்றும், பின்னால் இழுத்தால் நிறமும் வரும் டூயல் ஆக்‌ஷன் கன்னையே வாங்குங்கள். மேலே கப் உள்ளது நல்லது. சில சொட்டுகளை வைத்தே வேலை முடியும். நாசில் 0.3 முதல் 0.5 மி.மீ.வரை இருக்கலாம். முகத்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தமே போதும் என்பதால், அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் வசதி அவசியம். சார்ஜ் போடும் சின்ன மெஷின் கரண்ட் இல்லாத மண்டபத்தில் கைகொடுக்கும். ஆனால் பலவற்றில் அழுத்தத்தைக் குறைக்கும் வசதி இருக்காது. முழு பிரைடல் வேலைக்கு ஹோஸ் கம்ப்ரஸர்தான் நம்பிக்கை. சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று ஊர்களில் நீரைப் பிடித்துக்கொள்ளும் வாட்டர் டிராப் இல்லாமல் வாங்காதீர்கள். இறுகிய காற்றிலிருந்து பிரியும் நீர்த்துளி சிலிக்கானோடு சேர்ந்து முகத்தில் தெறித்தால் அந்த இடம் புள்ளி புள்ளியாகும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். 110 வோல்ட் மெஷினை நம் பிளக்கில் நேராகச் சொருகினால் கருகிவிடும்.

ஒரே கன்னில் இரண்டு பேஸையும் மாற்றி மாற்றி ஊற்றினால் மிச்சம் கட்டிதட்டி நாசில் அடைத்துக்கொள்ளும். பேஸுக்கு ஒரு கன் வைத்துக்கொண்டு, சிலிக்கானுக்கு அதற்கான கிளீனரையே பயன்படுத்துங்கள். இரண்டு கன்னுக்குக் காசு இடிக்கிறதா? கையில் அதிகம் வரும் ஆர்டர் எதுவோ அதற்கான ஒரு பேஸோடு தொடங்குங்கள். மிச்சக் காசில் உபரியாக ஒரு ஊசியும் நாசிலும் வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.