பள்ளி நிர்வாகம்: பணிமூப்பும் பட்ட மேற்படிப்பும்

தலைமையாசிரியர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில், அடுத்துப் பொறுப்பேற்பவரிடம் சில பொருள்கள் முறைப்படி ஒப்படைக்கப்படுகின்றன: அலமாரிச் சாவி, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, ஆசிரியர்களின் பணிப் பதிவேடுகள், மாணவர் சேர்க்கைப் பதிவேடு. பட்டியலில் இருவரும் கையொப்பமிடுகின்றனர். இருபது ஆண்டுகள் கணிதமோ வரலாறோ கற்பித்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர், மறுநாள் காலையில் ஊதியப் பட்டியலையும், சக ஆசிரியரின் விடுப்பு விண்ணப்பத்தையும், கூரை ஒழுகும் வகுப்பறையையும் ஒருசேர எதிர்கொள்கிறார். கற்பிப்பதற்குப் பட்டமும் பயிற்சியும் கட்டாயம் என்று வைத்த நாம், பள்ளியை நடத்துவதற்கு எதைக் கேட்டோம்? பல மாநிலங்களில், பணியாற்றிய ஆண்டுகளை மட்டுமே. கேந்திரிய வித்யாலயங்களில் முதல்வர் பதவிக்கு நேரடித் தேர்வு வழியும் உண்டு. அங்கும் அடிப்படைத் தகுதிகளாக அமைவன முதுநிலைப் பட்டம், பி.எட்., பணி அனுபவம் ஆகியனவே.

இக்குறை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. கல்வி நிர்வாகிகளுக்கென யுனெஸ்கோவின் உதவியுடன் 1962இல் புதுதில்லியில் ஓர் ஆசிய வட்டார மையம் தொடங்கப்பட்டது. அதிகாரிகளுக்குத் தேசிய அளவில் ஒரு பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்தது. 1970இல் அக்கல்லூரி அமைந்தது. 1979இல் அது தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பள்ளித் தலைமைக்கெனத் தனி மையம் அங்கு உருவானதோ 2012இல்தான். மேலதிகாரியின் பயிற்சிக்கும் தலைமையாசிரியரின் பயிற்சிக்கும் இடையே அரை நூற்றாண்டு கடந்துவிட்டது என்பதை இங்குக் கருதிப் பார்க்க வேண்டும்.

இத்துறையில் பட்ட மேற்படிப்பு பயில விரும்புவோருக்கு வழிகள் சில உள்ளன. எம்.எட். பட்டப் படிப்பில் கல்வி நிர்வாகம் ஒரு பாடமாகவோ சிறப்புப் பிரிவாகவோ இடம் பெறுகிறது; இப்படிப்பை 2014ஆம் ஆண்டின் விதிமுறைகள் ஈராண்டாக நீட்டின. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் இப்பொருளுக்கெனத் தனித்துறையையே வளர்த்தது. பணியிலிருந்தபடியே பயில்வோருக்காக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பள்ளித் தலைமை, கல்வி மேலாண்மை ஆகியவற்றில் முதுநிலைப் பட்டயங்களை உருவாக்கியது. எம்.ஃபில். பட்டத்தை நாடியிருந்தோர் இனி அதை எண்ண வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனைக் கைவிட்டுவிட்டன.

எந்த வழியைத் தேர்ந்தாலும், எதை ஆராய்வது என்பதே முதன்மையான வினா. ‘தலைமைப் பண்புக்கும் ஆசிரியரின் பணி நிறைவுக்கும் உள்ள தொடர்பு’ போன்ற தலைப்பில், நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்துச் சராசரி கண்டு முடிக்கும் ஆய்வேடுகள் நூலகங்களில் அடுக்கடுக்காக உறங்குகின்றன. அவற்றால் எந்தப் பள்ளியிலும் ஒரு பாடவேளை கூடியதாகத் தெரியவில்லை. ஆசிரியராகவே இருந்து பயில்பவரின் கையில் இவற்றினும் மேலான மூலப்பொருள் இருக்கிறது. அது அவருடைய பள்ளியே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். தனியே ஒரு தலைமையாசிரியர் பணியிடம் வேண்டுமாயின் குழந்தைகள் 150க்கு மேல் இருத்தல் வேண்டும். எனவே 58 குழந்தைகள் பயிலும் பள்ளியில், ஐந்து வகுப்புகளுக்கும் உள்ள இருவருள் ஒருவரே தலைமைப் பொறுப்பையும் சுமக்கிறார். அதே அட்டவணை ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் குறைந்த அளவாக விதிக்கிறது. அதாவது நாளொன்றுக்கு 4 மணி நேரம். பொறுப்பாசிரியர் கூட்டங்களுக்காகவும் அலுவலகப் பணிக்காகவும் ஆண்டில் 30 நாள்கள் வெளியே செல்கிறார் என்று கொள்வோம். 120 மணி நேரம் போயிற்று. எஞ்சிய 170 நாள்களில் பதிவேடு, மதிய உணவுக் கணக்கு, கணினிப் பதிவு ஆகியவற்றுக்கு நாளும் ஒரு மணி நேரம் கற்பித்தலிலிருந்து கழிகிறது; மேலும் 170. ஆக 290 மணி நேரம். 800இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அந்த 30 நாள்களிலும் மற்றோர் ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒருவராகவே பார்த்துக்கொள்கிறார். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டிருந்த ஓராசிரியர் பள்ளிகளிலோ அத்தகைய நாளில் வகுப்பைப் பார்க்கவே ஆளில்லை.

இங்கு 30 நாள், ஒரு மணி நேரம் என்பன விளக்கத்துக்காக நாம் கொண்ட எண்கள். உண்மையான எண்களைக் கண்டறிவதே ஆய்வு. வருகைப் பதிவேடு, வெளிப்பணிக் கடிதங்கள், பாடவேளை அட்டவணை ஆகிய மூன்றையும் ஓராண்டுக்கு ஒப்பிட்டால் போதும். பெரிய புள்ளியியல் தேவையில்லை. எந்த அழைப்பு தவிர்க்கத்தக்கது, எந்தக் கூட்டத்தை மாலைக்கு மாற்றலாம், எந்தப் பட்டியல் இருமுறை கேட்கப்பட்டது என்பன தாமே வெளிப்படும். பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர ஏனைய கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் கல்வித் துறையே கேட்கும் பட்டியல்கள் இத்தடையில் எளிதில் அடங்குவதில்லை.

இத்தகைய ஆய்வுக்கு உடனடிப் பயனும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு மூன்றாண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்பது விதி. குழுவினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். சுவருக்கு வண்ணம் பூசுவதும் கழிவறைக் கதவும் அத்திட்டத்தில் எளிதில் இடம் பெறுகின்றன; இழந்த கற்பித்தல் நேரம் இடம் பெறுவது அரிது. அதனை எண்ணாக்கிக் கொடுப்பார் இல்லாமையே காரணம்.

இத்தனை பயனுள்ள படிப்பை ஆசிரியர்கள் ஏன் மிகுதியாக நாடவில்லை? பதவி உயர்வு விதிகளில் அதற்குப் பெரும்பாலும் தனி மதிப்பு இல்லை. தம் பாடத்தில் ஒரு முதுநிலைப் பட்டம் பெற்றால் மேல்நிலை வகுப்புக்குச் செல்ல வழி திறக்கிறது. நிர்வாகப் பட்டயம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே மூப்புப் பட்டியலில் நிற்கின்றனர். ஆசிரியர்களைக் குறைகூறிப் பயனில்லை. மூப்பு முறையை அடியோடு நீக்குக என்பதும் நம் கருத்தன்று. தலையீட்டுக்கும் சிபாரிசுக்கும் அது ஒரு தடையாக நிற்கிறது. மூப்பின்படி வருபவர் பொறுப்பேற்பதற்கு ஓராண்டு முன்னரே ஒரு பட்டயத்தை முடித்திருக்க அரசு வாய்ப்பளிக்கலாம். எவர் எப்போது ஓய்வு பெறுவார் என்பது பணிப் பதிவேட்டிலேயே உள்ளது. காலியிடம் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கோத்தாரிக் குழு சொன்ன பள்ளித் தொகுதி முறையை மீண்டும் எடுத்துள்ளது. ஓர் உயர்நிலைப் பள்ளியும், ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள சிறு பள்ளிகளும் ஒரு தொகுதியாகும். அது நடைமுறைக்கு வரும் இடங்களில், ஒரு பள்ளியை மட்டும் அறிந்த தலைமையாசிரியர் பல பள்ளிகளின் ஆசிரியரையும் ஆய்வகத்தையும் பகிர்ந்தளிக்கும் நிலைக்கு வருவார். 290 மணி நேரக் கணக்கைத் தம் பள்ளியில் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு, எந்தச் சிறு பள்ளிக்கு எந்த நாளில் மாற்று ஆசிரியர் தேவை என்பது கேளாமலே விளங்கும்.

1986ஆம் ஆண்டுக் கொள்கையின் பின் அமைந்த மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்களில், திட்டமிடலுக்கும் மேலாண்மைக்கும் என ஒரு பிரிவு தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது. மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் தம் பள்ளியைப் பற்றி எழுதிய ஆய்வேட்டின் படியொன்றை அப்பிரிவு கேட்டுப் பெறலாம். அதிலுள்ள பட்டியலை வட்டார அலுவலரின் மாதக் கூட்டத்தில் வைக்கலாம். கூட்டம் மட்டும் பள்ளி நேரத்துக்குப் பின் நடைபெற வேண்டும்.