பத்து விரலுக்கும் இடம் வேண்டும்

சென்ற ஜூலையில் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி தன் அப்பாவோடு என் மாலை வகுப்புக்கு வந்தாள். பி.காம். சி.ஏ. முதலாமாண்டு. அப்பாவுக்கு நூல்மில்லில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, தூங்கியும் தூங்காமலும் பஸ் ஏறி வந்திருந்தார். பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு கவர், பேனா, எல்லாமே புதுசு. "சார், இதுல டேலி ஏத்திக் குடுங்க. பாப்பாவுக்குக் காலேஜுல கேக்குறாங்களாம்" என்றார். ஏற்ற முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸ் கணினிக்காக எழுதப்பட்டது. டேப்பிலோ போனிலோ அதன் அறிக்கைகளைத் திறந்து பார்க்கலாம். உட்கார்ந்து கணக்குப் பதிந்து பழக முடியாது. "லேப்டாப் செய்யிற வேலையெல்லாம் இது செய்யும்னு கடையில சொன்னாங்களே சார்" என்றார். துபாயில் இருக்கும் மைத்துனரும் போனில் அதையே சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு தவணையில் இரண்டுதான் கட்டி முடிந்திருந்தது. அந்தப் பெண் தலையே நிமிரவில்லை, தப்பு தன்னுடையது என்பதுபோல.

தப்பு அவளுடையது இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்து வருகிறேன். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்து, ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் வீட்டில் எல்லா முடிவுகளும் அவசரமாக எடுக்கப்படுகின்றன. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்ற வரிசையில் இப்போது எந்தக் கருவி என்பதும் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் எதை வைத்திருக்கிறானோ அதை வாங்குகிறார்கள். பிள்ளை கையில் அது என்ன வேலை செய்யப்போகிறது என்ற கேள்வியைக் கடை வாசல் வரை யாரும் கேட்பதில்லை.

இந்தக் குழப்பம் அரசின் திட்டத்திலேயே ஒருமுறை எட்டிப் பார்த்தது. 2025 மார்ச் 14 அன்று படிக்கப்பட்ட தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி வழங்கப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய். அறிவிப்பு வந்த வாரத்தில் என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் "டேப்தான் சார் கேக்கப்போறேன்" என்றார்கள். ஏன் என்று கேட்டால் லேசாக இருக்கிறது, பேனாவால் எழுதலாம் என்பதோடு பதில் முடிந்துவிடும். கடைசியில் அரசு நிறுவனமான எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரியது மடிக்கணினிக்குத்தான்: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்துக்குள் வராத பிள்ளைகளும், வரிசை வரும்வரை பொறுக்காத பெற்றோரும் இன்னும் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புது லேப்டாப் வாங்க வசதி உள்ளவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன 8 ஜிபி, எஸ்எஸ்டி என்ற இரண்டும் இருந்தால் பட்டப்படிப்புக்குப் போதும். பின்னால் ரேம் கூட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டோடு இருந்து படிக்கிற பிள்ளை என்றால் மேசைக் கணினியே மேல். அதே காசுக்கு அது வேகமாக ஓடும், நெடுநாள் உழைக்கும். கட்டிட வரைபடம், வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யத்தான் வேண்டும்.

டேப்புக்கு வருகிறேன். முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். படிப்பதற்கு அதைப்போல வசதியான கருவி இல்லை. டிஎன்பிஎஸ்சிக்கும் நீட்டுக்கும் படிக்கிற பிள்ளைகள் நூற்றுக்கணக்கான பக்கப் பிடிஎஃப்களைப் படுத்துக்கொண்டே படிக்கலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். என்பிடெல் இணையப் பாடங்களைப் போனின் சிறு திரையில் பார்த்துக் கண் வலிக்கிறவர்களுக்கு அது வரம். கரண்ட் போன இரவில் சார்ஜ் தாங்கும். சின்னாளப்பட்டியில் ஒரு பெண் சுங்குடிச் சேலைக்கான புள்ளிக் கோலங்களை டேப்பில் பேனாவால் வரைந்து, நிறம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே ரசித்து நின்றிருக்கிறேன். அவளுக்கு அது சரியான கருவி. கை வரைய வேண்டிய இடத்தில் டேப்பை மிஞ்ச ஒன்றுமில்லை.

லேப்டாப்புக்குப் பதிலாக என்று சொல்லி விற்கிறார்களே, அங்கேதான் என் சண்டை.

ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவதற்கு கூகுள் தருகிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஆண்ட்ராய்டு டேப்பில் ஓடாது. ஐபோன் செயலி எழுதுகிற எக்ஸ்கோடு ஐபேடில் ஓடாது, அதற்கு மேக் கணினி வேண்டும். டேப்பில் நாம் விரலால் தொடுகிற ஒவ்வொரு செயலியும் எங்கோ ஒருவர் கீபோர்டு உள்ள கணினியின் முன் உட்கார்ந்து செய்தது. கணினி அறிவியல் படிக்கப் போகிற பிள்ளை அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டியவன். அவனுக்கு இந்தப் பக்கத்துக் கருவியை வாங்கிக் கொடுப்பது என்ன நியாயம்? பைத்தானைப் பிரவுசரில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம், நெட் இருக்கும்வரை. நத்தம் பக்கத்துக் கிராமத்தில் இரவு எட்டு மணிக்கு சிக்னல் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அலுவலக வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். எக்ஸலில் மேக்ரோ எழுதினால் டேப்பில் அது ஓடாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: வேர்டு, எக்ஸல் செயலிகள் 10.1 அங்குலம் வரையுள்ள திரையில்தான் இலவசமாகத் திருத்த விடும். அதைவிடப் பெரிய டேப் என்றால் சந்தா கட்டாமல் படிக்க மட்டும்தான் முடியும். லேப்டாப்புக்கு ஈடாக இருக்கட்டும் என்று கூடக் காசு போட்டுப் பெரிய திரை வாங்கியவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்.

இதையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது கோப்பு என்ற எண்ணமே இல்லாமல் போவது. டேப்பிலேயே வளர்ந்த பிள்ளையிடம் "உன் அசைன்மென்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கு?" என்று கேட்டால் விழிக்கிறான். "வாட்ஸ்அப்ல இருக்கு சார்" என்பான். டேப் கோப்புகளைச் செயலிகளுக்குப் பின்னால் மறைத்து வைக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பெயர் சூட்டி, பழைய பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கு வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே தேவைப்படுகிறது. அது கைவராமல் மூன்று ஆண்டு படித்து முடித்தவர்களை நான் பார்க்கிறேன்.

காந்தக் கவர் கீபோர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் கண்ணாடி மேசைமேல் அழகாக நிற்கும். நம் வீடுகளில் மேசை எங்கே இருக்கிறது? நாகல்நகரில், பேகம்பூரில், வேடசந்தூரில் என் பிள்ளைகள் தரையில் பாய் விரித்துச் சம்மணம் போட்டுத்தான் படிக்கிறார்கள். மடியில் வைத்தால் டேப் பின்னால் சாயும், கவர் முன்னால் வழுக்கும். லேப்டாப்பின் இரண்டு பாதியையும் கீல் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால்தான் அது மடியில் உட்கார்கிறது. மேலும் அந்த மெல்லிய பித்தான்கள் நெருங்கி இருக்கும், விரல் பதியாது. ஒரு மாதத்தில் பிள்ளைகள் கவரைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியில் இரண்டு கட்டைவிரலால் தட்ட ஆரம்பிக்கிறார்கள். 1972-ல் ஆலன் கே என்ற அமெரிக்கர் குழந்தைகள் கையில் ஏந்தத்தக்க கணினி ஒன்றை டைனாபுக் என்ற பெயரில் தாளில் வரைந்து காட்டினார். இன்றைய டேப்புக்கெல்லாம் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அந்தப் படத்தில் திரைக்குக் கீழே கீபோர்டு இருக்கிறது. குழந்தை எழுதவும் வேண்டும், தானே உருவாக்கவும் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கீபோர்டு இன்னும் முக்கியம். 1999-ல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. இரு கையும் மாறி மாறி நடக்கும்போது ஒரு தாளம் வரும். ஒரு மாதம் பழகினால் யோசிக்கிற வேகத்துக்கே தட்டலாம். வெளிக் கீபோர்டில் அதை அமைப்பது எல்லா டேப்பிலும் எளிதாக நடப்பதில்லை. ஆகவே பிள்ளைகள் குரலில் சொல்லி, வந்ததை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். ஒற்றுப்பிழை மலிந்த தமிழ் எம்.ஏ. கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன்.

நான் பத்து விரலின் கட்சி, அதை மறைக்கவில்லை. பள்ளி முடித்த கோடையில் பழனி ரோட்டில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, ஒரே எழுத்து வரிசையைப் பக்கம் பக்கமாக அடித்தவன். சுண்டுவிரல் வலிக்கும். நிமிடத்துக்கு 30 சொல் என்ற லோயர் தேர்வுக்கு ஆறு மாதம், 45 சொல் என்ற ஹையருக்கு மேலும் பல மாதம். அதற்குப் பின் எந்தக் கணினி வந்தபோதும் என் கை தடுமாறவில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காந்திகிராமம் 1947-ல் தொடங்கியபோது, கைத்தொழில் வழியே கல்வி என்ற எண்ணம்தான் அதற்கு அடித்தளம். கை பழகாமல் அறிவு ஊன்றாது என்று நம்புகிற ஊர்க்காரன் நான்.

ஒரு பழைய ஒப்பீட்டையும் நினைவுபடுத்துகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இருபதே நாளில், அக்டோபர் 5 அன்று, உலகின் மிக மலிவான டேப் என்ற பெயரோடு டெல்லியில் ஆகாஷ் வெளியானது. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம். அழுத்தித் தொட்டால்தான் கேட்கும். அதே நேரத்தில் நம் பிளஸ் டூ பிள்ளைகளின் பைக்குள் போனது 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க் உள்ள முழுக் கணினி. ஆகாஷ் கொஞ்ச காலத்தில் பேச்சில்லாமல் போனது. அரசு லேப்டாப்புகள் சினிமா பார்க்கவும் பயன்பட்டன, உண்மைதான். ஆனால் அதே மெஷினைப் பிரித்துப் பார்த்து, லினக்ஸ் ஏற்றி, டேலி கற்று, பிரவுசிங் சென்டர் வைத்துப் பிழைக்கிறவர்களை ஒட்டன்சத்திரத்திலும் நிலக்கோட்டையிலும் எனக்குத் தெரியும். இன்றும் அந்த லேப்டாப்புகள் பழுதுபார்க்க வருகின்றன. வந்தால் சரிசெய்ய முடிகிறது. பேட்டரி, கீபோர்டு, ரேம், ஹார்டு டிஸ்க் எல்லாம் தனித்தனியாக மாறும். டேப்பின் கண்ணாடி ஒட்டப்பட்டது. உடைந்தால் பாதி விலை போய்விடும்.

இதனால்தான் கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்குப் பழைய லேப்டாப்பையே சிபாரிசு செய்கிறேன். கம்பெனிகள் கழித்துவிடும் மெஷின்கள் மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். கட்டுமானம் கெட்டியாக இருக்கும். எஸ்எஸ்டி இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாப் பித்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து வாங்கினால் மூன்று ஆண்டுக்குக் கவலையில்லை. பளபளப்பு இராது. பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பெற்றோரிடம் நான் கேட்பது பொறுமை. முதல் பருவம் முடியும்வரை எதையும் வாங்காமல் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறது, மாலையில் அது காலியாகத்தான் கிடக்கிறது. அந்த ஆறு மாதத்தில் பிள்ளைக்கு எது வருகிறது என்று பாருங்கள். கணக்கு வருகிறதா, வரைய வருகிறதா, எழுத வருகிறதா, மெஷினைக் கழற்றி மாட்ட ஆசைப்படுகிறானா? நமக்குக் கிடைக்காத படிப்பையும் கருவியையும் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு, அவனுக்கு வரவில்லையே என்று பின்னால் வருந்துகிறோம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வருகிறது. ஒருசில மாதம் அதைச் சேர்த்து வைத்து, தனக்கு வேண்டியதைத் தானே தெரிந்து வாங்கட்டும். கடைக்குப் போகும்போது பருவத்தின் செய்முறைப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், இதில் உள்ள ஒவ்வொன்றும் இந்த மெஷினில் ஓடுமா என்று கேட்கட்டும்.

வேடசந்தூர்ப் பெண்ணுக்கு வழி அவள் பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்தது. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், ஐந்தாறு வருடத் தூசியோடு. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம், கீபோர்டு மாற்றினோம். டேலியின் கல்விப் பதிப்பு இலவசம். மாதத்தில் குறிப்பிட்ட ஒருசில நாளுக்கு மட்டும்தான் பதிய விடும், பழகுவதற்கு அது போதும். இப்போது செவ்வாய், வியாழன் மாலைகளில் வருகிறாள். பில் புத்தகத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, கீபோர்டைப் பார்க்காமல் எண்களை அடிக்கப் பழகுகிறாள். டேப்பில் அவள் தம்பி பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறான். இன்னும் ஐந்து தவணை பாக்கி இருக்கிறது.