யானையின் நடையும் எண்ணின் கணக்கும்

உதகமண்டலத்தினின்று கூடலூருக்கு இறங்கும் பெருவழியில் உள்ளது நடுவட்டம். சிங்கோனாவும் தேயிலையும் விளைந்த அவ்வூரை அடுத்த மலைவிளிம்பில் நின்று கீழ்நோக்கின், முதுமலைக் காடு பரந்து தோன்றும். அக்காட்டில் வளர்ந்த யானையொன்று நாடோறும் ஏறத்தாழ 150 கிலோ உணவு கொள்ளும். அவ்வுணவைத் தேடி அது நடக்கும் நடையைக் கணிதத்தால் அறியக்கூடுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

யானையின் கழுத்தில் பூட்டிய ரேடியோப் பட்டை, குறித்த நேரந்தோறும் அது நின்ற இடத்தை அறிவிக்கும். அவ்விடங்களை வரிசையாக இணைப்பின், எட்டுக்களும் திருப்பங்களும் புலனாகும். குறுகிய எட்டும் மிகுந்த திருப்பமும் மேய்ச்சலென்றும், நெடிய எட்டும் நேரிய போக்கும் வழிச்செலவென்றும் பெரும்பாலும் கொள்வர்.

திசைக் குறிப்பின்றி நடப்பவன் எங்குச் சேர்வான் என்று 1905-இல் கார்ல் பியர்சன் வினவினார். அத்தகையோன் ஒத்த அளவினவாய் 100 எட்டு நடப்பினும், புறப்பட்ட இடத்தினின்று ஏறத்தாழ 10 எட்டுத் தொலைவிலேயே இருப்பான். எட்டு நான்மடங்காயின் தொலைவு இருமடங்காகும். இவ்வாறு தொலைவு பெருகிக்கொண்டே செல்லுமன்றி, அவனை இல்லம் நோக்கி இழுப்பது ஒன்றுமில்லை.

யானையோ அத்தகையதன்று. துதிக்கை ஊனமுற்ற ரிவால்டோ என்னும் யானையை, 2021 ஆகஸ்டு 2-ஆம் நாள், பட்டை பூட்டி முதுமலைக் காட்டினுள் விடுத்தனர். அது சில நாட்களுக்குள்ளேயே தான் பழகிய வாழைத்தோட்டம் பக்கமே மீண்டது. ஒன்றன் செயல் முடிந்த சான்றாகாது. எனினும், நினைவின் ஈர்ப்பையும் கணக்கினுள் சேர்த்தல் வேண்டுமென்பதை அது நன்கு உணர்த்துகின்றது.

கருவியை அளவின்றி நம்புதலும் தீது. ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவை இடையிடையே மிக நெடிது பறந்து இரைதேடுமென 1996-இல் அறிஞர் சிலர் எழுதினர். காலிற் கட்டிய கருவி நனையாத நேரமெல்லாம் பறத்தலென எண்ணப்பட்டது. பறவை கூட்டில் அமர்ந்திருந்த நேரமும் அதனுள் அடங்கிற்றென 2007-இல் வெளிப்பட்டது!

இது வெறும் ஏட்டுப்பிழையோ? சீகூர் யானை வழித்தடத்தை வகுத்த 2010-ஆம் ஆண்டு அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. இத்தகைய வழித்தடத்தைப் பிழைபட வரையின், யானைக்கு வழி அடைபடும். அன்றேல், ஏழைக் குடியானவன் வீணே நிலம் இழப்பான். ஆதலின், புள்ளிகளை இணைக்குமுன், ஒவ்வொரு புள்ளியும் எவ்வாறு பிறந்ததென ஆராய்தல் கணக்கன் கடமையாம்.