மாத்திரையை நிறுத்தும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"இப்ப நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு லித்தியம்?" என்று அக்காவிடம் சண்டை போட்டாயாமே. மருந்துக்கடையிலேயே வயதாகிப்போன எனக்கு இது பழகின கேள்வி. பிரஷர் மாத்திரை வாங்குகிறவரும் இதைத்தான் கேட்பார்.

சோர்ந்து படுத்துக் கிடந்த மாதங்களை நோய் என்று நீயே ஒப்புக்கொள்கிறாய். அதற்கு முன்னால் ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கி, கிரெடிட் கார்டைத் தேய்த்து, வேலையை உதறிவிட்டுக் கம்பெனி தொடங்கக் கிளம்பினாயே, அதை மட்டும் 'என் நல்ல காலம்' என்கிறாய். இரண்டும் ஒரே பைபோலார்தான். சோர்வை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால், டாக்டர் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதிவிடக்கூடும். சிலருக்கு அதுவே மேனியாவை, அதாவது உன் அந்த 'நல்ல காலத்தை', கிளப்பிவிடும். உன் தூக்கத்தையும் செலவையும் பற்றி அவர் அக்காவைத் துருவித் துருவிக் கேட்டது அதனால்தான்.

லித்தியம் வந்த கதையைக் கேள். ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்கு இந்த உப்பைக் கொடுத்துப் பார்த்து 1949இல் கட்டுரை எழுதினார். முதல் நோயாளி ஐம்பதைத் தாண்டியவர். ஐந்து வருஷமாக அடங்காத மேனியா. சில மாதங்களில் தெளிந்து வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். அப்புறம் மருந்தில் அசட்டையாகி, நிறுத்தியே விட்டார். வீட்டுக்குப் போய் ஆறு மாதம் போல ஆனதும் மறுபடி அதே ஆஸ்பத்திரி. மிச்சத்தையும் மறைக்க மாட்டேன்: 1950இல் அவர் இறந்தது அதே லித்தியம் உடம்பில் நஞ்சாகித்தான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் அன்று இல்லை.

இன்று இருக்கிறது. லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்பது பொதுவான கணக்கு. உனக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். தைராய்டையும் கிட்னியையும் அவ்வப்போது பார்க்கச் சொல்வது, லித்தியத்தால் அவை பாதிக்கப்படுகின்றனவா என்று அறியவே. தலைவலி, மூட்டுவலி என்று கடையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதே. லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். உப்பில்லா விரதமும் வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டருக்குப் போன் செய். கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

மனசு தெளிய அப்பத்தா உன்னைக் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறாராம். போய்வா, பெருமாளைக் கும்பிடு. மாத்திரை டப்பா பையில் இருக்கட்டும்.

'மந்தமா இருக்கு' என்கிறாயே, அது பொய்யில்லை. அதை அக்காவிடம் கத்துவதை விட டாக்டரிடம் சொல். அளவைக் குறைக்கலாம், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. நீயாகத் திடீரென்று நிறுத்தினால்தான் மேனியா சீக்கிரம் திரும்பும். நைட் ஷிஃப்டையும் மாற்றிக் கேள். தூக்கம் கெடுவதில்தான் பலருக்கு மேனியா ஆரம்பிக்கிறது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ரத்தம் கொடுக்கும் நாளில், முந்தின ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு போடு. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
மாமா