முட்டை ஓடு மெலிதாதலும் அதன் பரிகாரமும்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ நாலைந்து கோழிகள் வளர்ப்போருக்குச் சித்திரை பிறந்தவுடன் ஒரு கவலை உண்டாகிறது. அதுவரை திடமான முட்டையிட்டு வந்த கோழி, விரல் பட்டால் உடையும் மெல்லிய ஓடுள்ளவற்றையும், சிற்சில சமயங்களில் ஓடே இல்லாத தோல் முட்டைகளையும் இடத் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைவே காரணமென்று கருதி, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தீனியில் கலந்து கொடுப்போரும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு காரமுள்ளது. கோழியின் வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். அன்றியும், குறை எப்பொழுதும் சுண்ணாம்பில் இருப்பதில்லை.

ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு படிவதற்கே செல்கிறது. ஓட்டில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு கால்சியம் கார்பனேட்டாகும். ஆகவே ஒவ்வொரு முட்டைக்கும் கோழி தன் சரீரத்திலிருந்து 2 கிராமுக்குக் குறையாத கால்சியத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. நந்தனத்தில் முன்னர் இருந்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய நந்தனம் கோழி போன்றவை நாட்டுக் கோழியைவிட அதிகம் இடுவதால், அவற்றின் தேவையும் அதிகம். அரிசி நொய்யிலும் மீந்த சோற்றிலும் இச்சத்து மிகச் சொற்பமே.

ஓட்டின் பெரும்பாகம் கோழி இரையெடுக்காத இராக்காலத்தில் படிகிறது. காலையில் தின்ற மாவு போன்ற சுண்ணாம்பு அதற்குள் கழிந்துவிடும். கடுகிற்கும் மிளகிற்கும் இடைப்பட்ட பருமனாக இடித்த கிளிஞ்சலோ இரைப்பையில் தங்கி, இரவில் சிறிது சிறிதாகக் கரைந்து உதவும். இதனை மாலையில் தனிச் சட்டியில் வைத்தல் நலம். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். தீனியில் கலந்தால் சேவல்களும் முட்டையிடாத பெட்டைகளும் அளவுக்கு மிஞ்சித் தின்று சிறுநீரகம் கெடும். கூட்டில் வெயிலே படாவிட்டால் வைட்டமின் 'டி' குறைந்து, தின்ற கிளிஞ்சலும் உடலிற் சேராது.

கோடையில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓட்டிற்கு வேண்டிய கார்பனேட் அதனால் குறைந்துபோகிறது. தீனியும் குறைவாகவே செல்லும். மொட்டை மாடிக் கூட்டின்மேல் தென்னங்கீற்று வேய்ந்து, அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் தீனி வைத்தல் அவசியம். ஓடு சுருங்கி வரியோடியிருந்து, வெண்கரு நீர்த்து, கோழிக்கு மூச்சிரைப்பும் காணுமாயின் அது தொற்று வியாதியாக இருக்கக்கூடும். அத்தகைய கோழியைப் பிரித்துவைத்து, 1903-ஆம் ஆண்டு தோன்றிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காட்டவேண்டும்.

இவை யாவும் செவ்வனே இருந்தும் ஓடு மெலிந்தால் குடிக்கும் ஜலத்தைச் சோதிக்கவேண்டும். கடலோரத்தை அடுத்த பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கங்களில் உவர்ப்பேறிய கிணறுகள் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் உவர்ப்பு மிகும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஏரிகள் வற்றியபோது, ஆழ்குழாய்க் கிணறுகளையும் லாரிகளையுமே பலர் நம்ப நேர்ந்தது. குடிநீரில் சிறிதளவு உப்பு இருந்தாலும் ஓடு கெடுமென்று ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தினர் 1980-களில் கண்டனர். சுண்ணாம்பை அதிகப்படுத்தியும் அது சீராகவில்லை. நல்ல ஜலத்திற்கு மாற்றிய பின்பும் கேடு நெடுநாள் நீங்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ஆதலின் ஓடு மெலிந்த பிறகு மாற்றுவதைவிட, பெட்டை முதல் முட்டையிடுமுன்பே குழாய்க் குடிநீரோ சேமித்த மழை ஜலமோ கொடுத்துவரவேண்டும். ஒரு கோழிக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர், கோடையில் அதற்கு மேல் தேவைப்படும். நான்கு கோழிகளுக்கு ஒரு சிறு குடம் தாராளமாய்ப் போதும்.