இரவு வானின் படமும் திருத்தமும்

விண்மீன் படத்தைத் திருத்துதல் பொய்ம்மையாகுமோ என வினவுவார் உளர். அதனை ஈண்டு ஆராய்வோம்.

1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள ஒளிமுகிலை முதன்முதல் படம்பிடித்தார். தகடு 51 நிமிடம் ஒளியேற்றது. 1883-இல் ஆங்கிலேயரான ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்திலோ, கண்ணாற் காணவொண்ணாத விண்மீன்களும் தோன்றின. கண் ஒளியைச் சேர்த்து வையாது. தகடு சேர்த்து வைக்கும்.

இக்காலத்து டிஜிட்டல் காமிராவும் ஒளியைச் சேர்க்கின்றது. உடன் தன் குற்றத்தையும் சேர்க்கின்றது. வெப்பத்தால் எழும் பொய்ப்புள்ளிகள் விண்மீன்போல் மயக்கும். லென்ஸை மூடி, அதே கால அளவில், அதே வெப்பநிலையில் எடுத்த இருட்படத்தில் அப்புள்ளிகளே பதியும். அதனை வான்படத்தினின்று கழித்தல் வேண்டும். எஞ்சிய ஒழுங்கற்ற புள்ளிக் கலக்கம், ஒரே காட்சியின் 16 படங்களைப் பொருத்திச் சராசரி கண்டால் நான்கில் ஒரு பங்காகும். 100 படமாயின் பத்தில் ஒரு பங்காகும். அதன்பின் மங்கிய ஒளியை மிகுவிக்க, மறைந்த முகில் வெளிப்படும்.

இவையாவும் கருவியின் குற்றங்களைந்து வானம் தந்ததை விளக்குதலேயாம். வானில் இல்லாத விண்மீனைக் கையாற் சேர்த்தலே பொய். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போரும் பல படிகளை ஒப்புநோக்கி, எழுதினோர் பிழையைக் களைவரேயன்றித் தம் சொல்லைப் புகுத்தார். அவர் பாடவேறுபாடுகளைக் குறித்தல்போல, படம்பிடிப்போரும் மூலப்படத்தை அழியாது காத்து, செய்த திருத்தங்களைக் குறித்து வைத்தல் கடனாகும்.